சாரத்திலிருந்து விழுந்தவருக்கு யார் பொறுப்பு?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். புதுக்கோட்டையிலிருந்து வந்த உங்கள் தம்பிக்கு வயது 29. சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கட்டுமானத் தளத்தில் வேலை. மூன்று வாரங்களுக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பாதுகாப்பு வாரை அணிந்திருந்தார், ஆனால் கொக்கியை மாட்டவில்லை. “உன் தப்பு, இழப்பீடு கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், மேன்பவருக்கு (மனிதவள அமைச்சுக்கு) போகாதே” என்கிறார் அவருடைய முதலாளி, அதாவது உபகுத்தகையாளர். தலைமைக் குத்தகை நிறுவனமோ “அவர் எங்கள் ஆளே இல்லை” என்கிறது. யார்மீது வழக்குப் போடலாம், நடுவில் அவர் ஊருக்குப் போய்வர முடியுமா என்பவை உங்கள் கேள்விகள்.

நான் வழக்கறிஞன் இல்லை. பதினோரு ஆண்டுகள் கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் நம் ஊழியர்களுக்குப் படிவம் நிரப்பித் தருகிறேன், கூடப்போய் மொழிபெயர்க்கிறேன். அந்த அனுபவத்தில் உங்களிடம் முதலில் ஒன்று கேட்க வேண்டும். விழுந்த அன்று அவசரச் சிகிச்சைப் பிரிவில் என்ன எழுதினார்கள்? எங்கே விழுந்தார், எப்படி விழுந்தார் என்று நர்ஸிடம் சொன்னது யார், தம்பியா, கூட வந்த சூப்பர்வைசரா?

ஏன் கேட்கிறேன் என்றால், சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவரின் கை, கம்பி வளைக்கும் இயந்திரத்தில் சிக்கி இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. ஆம்புலன்ஸை அழைக்கவில்லை. லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போன சூப்பர்வைசரும் தமிழர்தான். நர்ஸ் கேட்டதற்கு, “தங்குவிடுதிக் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார், கதவிடுக்கில் கை மாட்டிக்கொண்டது” என்று ஆங்கிலத்தில் அவர் சொல்ல, வலியில் இருந்த பையன் எதற்கென்று தெரியாமலே தலையாட்டியிருக்கிறான். அந்த ஒரு தலையாட்டலைச் சரிசெய்ய எங்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. கடைசியில் காப்பாற்றியது அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரின் குறிப்பு. காயத்துக்குள் இரும்புத் துருவும் கிரீஸும் இருந்தன, சுத்தம் செய்து எடுத்தேன் என்று ஒரே வரி எழுதியிருந்தார். குளியலறையில் கிரீஸ் ஏது?

ஆகவே யார் பொறுப்பு என்று பார்ப்பதற்கு முன், விபத்து வேலையிடத்தில் வேலை நேரத்தில் நடந்தது என்று எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை எலும்பு மருத்துவரிடம் போகும்போது, எங்கே எப்படி விழுந்தார் என்பதைத் தம்பி தன் வாயாலேயே சொல்லட்டும், தமிழில் சொன்னாலும் பரவாயில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்கலாம். சூப்பர்வைசர் அறைக்கு வெளியே உட்காரட்டும்.

இனி சட்டம். சிங்கப்பூரில் ஒரே விபத்துக்கு மூன்று பாதைகள் உண்டு. முதலாளிகள் வேண்டுமென்றேயும் ஊழியர்கள் தெரியாமலும் இந்த மூன்றையும் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறார்கள். “உன் தப்பு” என்ற பேச்சு அந்தக் கலப்பில்தான் பிறக்கிறது.

முதல் பாதை வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். இப்போது நடைமுறையில் இருப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம், 2020 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. இங்கே தவறு யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம் பட்டதா? பட்டது என்றால் இழப்பீடு உண்டு. கொக்கி மாட்டவில்லை, தலைக்கவசம் போடவில்லை, எச்சரித்தும் ஏறினான் என்பவை இந்தப் பாதையில் உங்கள் தம்பியின் உரிமையைப் பறிக்காது. தானே வேண்டுமென்று காயப்படுத்திக்கொண்டது, குடித்தோ போதைப்பொருள் உட்கொண்டோ இருந்ததால் நேர்ந்தது, தானே இறங்கிய அடிதடியில் பட்டது போன்றவைதான் விலக்குகள். வெளிநாட்டு ஊழியர், உள்ளூர்க்காரர் என்ற வேறுபாடு இல்லை. முதலாளி ஏற்பாடு செய்த லாரியில் வேலைக்குப் போய்வரும்போது அடிபட்டாலும் இந்தச் சட்டம் பொருந்தும். தங்குவிடுதியில் சொந்த நேரத்தில் விழுந்தால் பொதுவாகப் பொருந்தாது. அந்தச் சூப்பர்வைசர் குளியலறையைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

உடலுழைப்பு ஊழியர் ஒவ்வொருவருக்கும், சம்பளம் எவ்வளவானாலும், முதலாளி இந்த இழப்பீட்டுக்கான காப்புறுதியை எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. காப்புறுதி இருந்தால் பணம் கொடுக்கப்போவது காப்புறுதி நிறுவனம். அப்படியிருக்க முதலாளி ஏன் மறைக்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். அடுத்த ஆண்டு காப்புறுதிச் சந்தா ஏறும், அமைச்சு விசாரணைக்கு வரும், தலைமைக் குத்தகையாளர் அடுத்த வேலையைத் தரமாட்டார். நான் பார்த்தவரை பெரும்பாலும் மூன்றாவதுதான் காரணம்.

மருத்துவ விடுப்போ லேசான வேலையோ எழுதிக்கொடுக்கப்பட்ட எந்த வேலையிடக் காயத்தையும், தெரிந்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் முதலாளி மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வேண்டும். பழைய விதிப்படி மூன்று நாளுக்கு மேல் விடுப்பு இருந்தால்தான் தெரிவிக்க வேண்டும். அதனால் எலும்பு முறிந்தவருக்கும் இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு), மிச்சத்துக்கு லேசான வேலை என்று எழுதிவாங்குகிற ஒரு வழக்கமே உருவாகியிருந்தது. 2020இல் அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஆனால் அந்த வழக்கம் பழகிப்போன சில சூப்பர்வைசர்கள் இன்னும் அதே நினைப்பில் இருக்கிறார்கள். உங்கள் தம்பி விழுந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்னும் தெரிவிக்கவில்லையென்றால் முதலாளி ஏற்கெனவே சட்டத்தை மீறிவிட்டார். அதற்காகத் தம்பி காத்திருக்க வேண்டியதில்லை, தானே அமைச்சிடம் தெரிவித்து இழப்பீடு கோரலாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரிக்கை போயிருக்க வேண்டும். “மேன்பவருக்குப் போகமாட்டேன்” என்று முதலாளி தாளில் எழுதி வாங்கியிருந்தாலும் கவலைப்படாதீர்கள். இந்தச் சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் செல்லாது.

என்ன கிடைக்கும்? மூன்று வகைப் பணம். மருத்துவச் செலவு, விபத்து நடந்து ஓராண்டு வரை அல்லது 53,000 வெள்ளி வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை. 2025 நவம்பர் 1க்கு முன் நடந்த விபத்தென்றால் அந்த வரம்பு 45,000. அடுத்து விடுப்புக் காலச் சம்பளம்: வெளிநோயாளியாக 14 நாள், ஆஸ்பத்திரி விடுப்பென்றால் 60 நாள் வரை முழுச் சம்பளம், அதற்குமேல் மூன்றில் இரண்டு பங்கு, ஓராண்டு வரை. லேசான வேலையில் போட்டிருந்தாலும் விபத்துக்கு முந்தைய சராசரிச் சம்பளத்தை அடிப்படையாக வைத்தே கொடுக்க வேண்டும். மிகைநேரம் இல்லை என்று சொல்லி அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்ப முடியாது.

மூன்றாவது, நிரந்தர ஊனத்துக்கான மொத்தத் தொகை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். கணக்கு இதுதான்: சராசரி மாத வருமானத்தை வயதுக்கேற்ற ஒரு பெருக்கல் எண்ணால் பெருக்கி, அதில் ஊன விழுக்காட்டை எடுக்க வேண்டும். 40 வயது வரை உள்ளவர்களுக்கு அந்த எண் 181. வயது ஏற ஏற இறங்கி, 66 வயதிலும் அதற்கு மேலும் 72 ஆகிறது. முழு ஊனத்துக்கான தொகைக்கு இப்போது கீழ் வரம்பு 116,000 வெள்ளி, மேல் வரம்பு 346,000. உயிரிழப்பு என்றால் 91,000 முதல் 269,000 வரை.

உங்கள் தம்பியின் அடிப்படைச் சம்பளம் 600, மிகைநேரமும் படிகளும் சேர்த்து மாதம் சராசரி 950 வந்தது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கட்டு எலும்பு கூடியபின் மருத்துவர் 8 விழுக்காடு ஊனம் என்று மதிப்பிடுகிறார். 950ஐ 181ஆல் பெருக்கினால் 171,950. அதில் 8 விழுக்காடு 13,756 வெள்ளி. முதலாளி வெறும் 600ஐக் கணக்கில் காட்டினால் 108,600தான் வரும், அது கீழ் வரம்புக்கும் குறைவு என்பதால் 116,000ஐ எடுத்து 9,280 வெள்ளி தருவார்கள். நாலாயிரத்துச் சொச்சம் வெள்ளி காணாமல் போவது எந்த அடிதடியாலும் இல்லை, ஒரு சம்பளச் சீட்டால். சராசரியை விபத்துக்கு முந்தைய 12 மாதங்களை வைத்துப் போடுகிறார்கள், மிகைநேரச் சம்பளமும் அதில் சேரும். ஆகவே பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், மிகைநேரம் எழுதிய நேரப்பதிவு அட்டைகளின் படம், வேலை அனுமதிக்குமுன் வந்த ஐபிஏ (கொள்கையளவிலான ஒப்புதல்) கடிதம் ஆகியவற்றை இன்றே தேடி எடுத்து வையுங்கள். ஐபிஏ கடிதத்தை நம் ஆட்கள் விமானம் ஏறியதும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். 2017இல் உயர் நீதிமன்றம் ஒரு சம்பள வழக்கில், ஐபிஏவில் சொன்ன அடிப்படைச் சம்பளத்தையே உண்மைச் சம்பளமாகக் கொள்ள வேண்டும், இல்லையென்றால் அதை நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு என்று சொன்னது. அந்த வழக்கு காயத்தைப் பற்றியது இல்லை. ஆனாலும் அந்தக் காகிதத்துக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்பது அதிலிருந்து தெரியும்.

காப்புறுதி நிறுவனம் கணக்குப் போட்டு அறிவிப்பு அனுப்பும். அதை ஏற்கவில்லை என்றால் 14 நாட்களுக்குள் ஆட்சேபிக்க வேண்டும். விழுக்காடு குறைவு என்று ஆட்சேபித்தால் மருத்துவ வாரியம் மறுபடியும் கையைப் பார்க்கும். அது கூட்டலாம், குறைக்கவும் செய்யலாம், அது சொல்வதே முடிவு. அறிவிப்புக் கடிதம் தங்குவிடுதி அலுவலகத்தில் யார் கையிலோ கிடந்து 14 நாள் கடந்துபோனதையும் பார்த்திருக்கிறேன். முகவரி மாறினால் உடனே தெரிவித்துவிடுங்கள்.

இரண்டாவது பாதை நீதிமன்றம். கவனக்குறைவு என்று சொல்லித் தொடுக்கும் சிவில் வழக்கு. யார்மீது வழக்குப் போடலாம் என்ற உங்கள் கேள்வி உண்மையில் இங்கேதான் வருகிறது. உபகுத்தகையாளர் முதலாளி என்ற முறையில் பாதுகாப்பான வேலை முறையைத் தந்தாக வேண்டும். தலைமைக் குத்தகையாளர் தளத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர். சாரத்தைக் கட்டியவர் மூன்றாவது ஆளாக இருக்கலாம். மூவரையும் பிரதிவாதிகளாகச் சேர்ப்பது இங்கே சாதாரணம். “எங்கள் ஆள் இல்லை” என்ற பதில், இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் முதலாளி யார் என்று கேட்டால் சரியான பதில்தான். தளத்தில் வேலைசெய்பவர் காயப்படாமல் கவனமாக இருந்தீர்களா என்று கேட்டால் அது பதிலே ஆகாது. ஒரு குத்தகையாளரை அமர்த்தினார் என்பதற்காக மட்டும் அவர் செய்த தவறெல்லாம் அமர்த்தியவர் தலையில் ஏறிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். தளத்தை யார் ஆண்டார், அன்றைய வேலைக்கான அனுமதிச் சீட்டில் யார் கையெழுத்திட்டார், சாரத்தை யார் சோதித்தார் என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டியிருக்கும்.

உயரத்தில் வேலை பற்றிய விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மீட்டருக்கு மேல் விழும் அபாயம் இருந்தால் அந்தக் குறிப்பிட்ட வேலைக்கான அனுமதிச் சீட்டு இல்லாமல் தொடங்கக்கூடாது. அன்று காலை அந்தச் சீட்டு இருந்ததா? கொக்கியை மாட்ட அங்கே ஏதாவது கம்பியோ கயிறோ கட்டியிருந்தார்களா? “கொக்கியை மாட்டவில்லை” என்று ஊழியரைத் திட்டுகிற தளங்களில் நான் போய்ப் பார்த்தால், மாட்டுவதற்கு இடமே இருக்காது. பையன் எதில் மாட்டுவான், காற்றிலா? தம்பியிடம் இதைத்தான் முதலில் கேளுங்கள். அவருடன் வேலைசெய்தவர்களின் கைப்பேசியில் அன்றைய படம் ஒன்று இருந்தாலும் வாங்கி வையுங்கள். 2024 ஜூன் முதல் 50 லட்சம் வெள்ளியும் அதற்குமேலும் மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் காணொளிக் கண்காணிப்பு கட்டாயம். கேமரா எங்கே இருந்தது என்று நினைவிருந்தால் குறித்துவையுங்கள்.

ஆனால் இந்தப் பாதையில்தான் “உன் தப்பு” என்ற பேச்சுக்கு உயிர் வருகிறது. கொக்கி மாட்டாதது அவருடைய பங்குக் கவனக்குறைவு என்று நீதிபதி கருதினால், அந்தப் பங்கு அளவுக்குத் தொகையைக் குறைப்பார். வழக்குத் தோற்றால் கையில் எதுவும் வராது, எதிர்த்தரப்புச் செலவும் தலையில் விழலாம். அரசாங்கத்தின் சட்ட உதவிப் பிரிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வென்றால் வலிக்கும் வேதனைக்கும் இனி இழக்கப்போகும் வருமானத்துக்கும் தனித்தனியாகத் தொகை உண்டு, இழப்பீட்டுச் சட்டத்தின் வரம்புகள் இங்கே இல்லை. வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டு அவகாசம்.

முதலாளியிடம் இரண்டு பாதைகளிலும் பணம் வாங்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நீதிமன்றம் போவதென்றால் இழப்பீட்டுக் கோரிக்கையை உரிய காலத்துக்குள் திரும்பப் பெற வேண்டும். என் எண்ணத்தைக் கேட்டால், கூடிவிடும் மணிக்கட்டு முறிவுக்கு, அதுவும் கொக்கி விஷயம் இப்படி இருக்கும்போது, முதல் பாதையே போதும். முதுகெலும்பு, தலைக்காயம், கால் துண்டிப்பு என்றால் கட்டாயம் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் முடிவுசெய்யச் சொல்வேன். எதற்கும் அவசரப்படாமல், மருத்துவர் விழுக்காடு சொன்னபின் யோசிக்கலாம். தேக்காவில் டீக்கடைப் பக்கம் “லட்சக்கணக்கில் வாங்கித் தருகிறேன், இந்த லாயரிடம் வா” என்று தோளில் கைபோடும் ஆட்களிடம் மட்டும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

மூன்றாவது பாதை உங்கள் கையில் இல்லை, அது அரசாங்கத்துடையது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். 2004 ஏப்ரல் 20ஆம் தேதி நிக்கல் ஹைவேயில் ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிய பள்ளம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் மேலும் பெரிய விபத்துகள் நடந்தன. பழைய தொழிற்சாலைச் சட்டம் போதாது என்று 2006இல் இந்தச் சட்டம் வந்தது. முதலாளி, தளத்தை ஆள்பவர், வேலையைக் குத்தகைக்கு விட்டவர், இயந்திரம் தந்தவர் என்று எல்லார்மீதும் இது கடமை வைக்கிறது. பொதுத் தண்டனைப் பிரிவின்கீழ் நிறுவனத்துக்கு முதல் முறை 500,000 வெள்ளி வரை அபராதம், தனிநபருக்கு 200,000 வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. 2014இல் பியூஷனோபோலிஸ் வேயில் ஏழாவது மாடியிலிருந்து ஏற்றுமேடையோடு விழுந்து இரண்டு ஊழியர்கள் இறந்த வழக்கில், தளத்தை ஆண்ட தலைமைக் குத்தகையாளருக்கு 150,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய, 2016இல் உயர் நீதிமன்றம் அதை 250,000 ஆக்கியது. “எங்கள் ஆள் இல்லை” என்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பைத்தான் காட்ட வேண்டும். ஆனால் அந்த அபராதம் அரசாங்கக் கருவூலத்துக்குப் போகிறது, குடும்பத்துக்கு இல்லை. அமைச்சு முதலாளியைத் தண்டித்தால் நமக்குப் பணம் வரும் என்று காத்திருந்து ஓராண்டுக் கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு.

கடைசியாக ஊருக்குப் போவது. கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது வேலை அனுமதியை முதலாளி ரத்துசெய்தால், அமைச்சு சிறப்பு அனுமதிச் சீட்டு தந்து இங்கே இருக்கவைக்கலாம். அந்தக் காலத்தில் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் சிரமப்படுகிறவர்களுக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது. ஹெல்த்சர்வ், ஹோம், டிடபிள்யூசி2 போன்ற தொண்டு அமைப்புகளும் இருக்கின்றன, கடைசியாகச் சொன்னது லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடும் தருகிறது. ஊருக்குப் போனாலும் கோரிக்கை செத்துவிடாது. ஆனால் ஊன மதிப்பீட்டைப் பெரும்பாலும் விபத்து நடந்து ஆறு மாதத்தை ஒட்டிச் செய்கிறார்கள், அதை இங்குள்ள மருத்துவர் செய்வதுதான் சிக்கலில்லாதது. போயே ஆக வேண்டுமென்றால் காப்புறுதி நிறுவனத்திடமும் அமைச்சிடமும் எழுத்தில் சொல்லிவிட்டு, ஊர் முகவரி, கைப்பேசி எண், பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு மூன்றையும் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். எக்ஸ்ரே படங்களை ஆஸ்பத்திரியில் குறுந்தட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். முதலாளி டிக்கெட்டோடு வந்து “இன்று இரவே விமானம்” என்றால் ஏற வேண்டாம். சாங்கி விமான நிலையத்தில் குடிநுழைவு முகப்பில் நின்று, எனக்கு வேலையிடக் காயக் கோரிக்கை இருக்கிறது, போக விருப்பமில்லை என்று அதிகாரியிடம் சொன்னால் போதும். இதை ஆங்கிலத்தில் சொல்லத் தடுமாறுகிறவர்களுக்காக நான் ஒரு சிறு தாளில் எழுதிக்கொடுத்துக் கைப்பேசி உறைக்குப் பின்னால் செருகி வைக்கச் சொல்வது வழக்கம். தம்பியை ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள், எழுதித் தருகிறேன். சம்பளச் சீட்டுகளையும் கையோடு எடுத்துவரட்டும்.